பிரியாத பசை

1980களின் நடுவில், கலிபோர்னியாவின் கரிசோ சமவெளியில் சுமார் ஒரு லட்சம் சோலார் பேனல்கள் பழுப்பேறத் தொடங்கின. அன்றைக்கு உலகிலேயே பெரிய சோலார் பேனல் மின்நிலையம் அதுதான், திறன் 5.2 மெகாவாட். ஆர்கோ என்ற எண்ணெய் நிறுவனத்தின் கிளையான ஆர்கோ சோலார் 1983இல் அதைக் கட்டியிருந்தது. கூடுதல் வெயிலைப் பிடிக்கலாம் என்று பேனல் வரிசைகளின் இரு பக்கமும் முகம் பார்க்கும் கண்ணாடிகளைப் போலப் பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வெயிலும் கூடியது, சூடும் கூடியது. சில ஆண்டுகளுக்குள் நீலச் செல்களின் மேல் டீக்கறை நிறம் ஏறியது. மின்சாரம் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கியது. 1990இல் நிலையம் கைமாறியது, பிறகு கழற்றப்பட்டது. பழுப்புப் பேனல்கள் மலிவு விலையில் மறுவிற்பனைக்குப் போயின.

கெட்டுப்போனது பசை. கண்ணாடிக்கும் செல்லுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் கனத்தில் இருக்கும் எத்திலீன் வினைல் அசிடேட். தொழிலில் இருப்பவர்கள் ஈ.வி.ஏ. என்பார்கள். சூடும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து தாக்கும்போது அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். உள்ளேயே அடைபட்ட அமிலம் செல்லின் மேல் ஓடும் உலோகக் கோடுகளை அரிக்கும். இவ்வளவு தொல்லை கொடுத்த பசையைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும் அல்லவா? எறியவில்லை. அதில் கலக்கும் மருந்தை மாற்றிச் சீர்படுத்தி வைத்துக்கொண்டார்கள். இன்று கூரைமேல் இருக்கும் பேனல்களில் பெரும்பாலானவை அந்தப் பசையாலேயே பிணைந்திருக்கின்றன.

சூரிய மின்சாரத்தில் புகை வராது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பேனலைச் செய்யும்போது என்ன கழிகிறது, செய்து முடித்ததை ஆயுள் முடிந்தபின் எப்படிப் பிரிப்பது என்ற கேள்விகள் தாமதமாகவே எழுந்தன. எழுப்பியவர்களும் பெரும்பாலும் தொழிலுக்கு வெளியே இருந்தவர்கள்: கிணற்று நீர் கெட்டுப்போன ஊர்க்காரர்கள், ஆற்றில் மீன் செத்து மிதந்ததைப் பார்த்தவர்கள், பிரஸ்ஸல்ஸில் சட்டம் எழுதியவர்கள். பேனலைச் சுத்தமான பொருளாக வடிவமைத்த வரலாற்றில் பாதி, இப்படி வெளியிலிருந்து வந்த நெருக்கடிகளின் வரலாறு. மீதிப் பாதி சிக்கனத்தின் வரலாறு.

தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1954 ஏப்ரலில் நியூஜெர்ஸியின் பெல் ஆய்வகத்தில் டேரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் மூவரும் சிலிக்கான் செல்லை உலகுக்குக் காட்டியபோது அதன் திறன் சுமார் 6 சதவீதம். சேப்பினுக்குக் கொடுத்திருந்த வேலை மிகச் சாதாரணமானது: வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் தொலைபேசிக் கருவிகளின் உலர் மின்கலங்கள் சீக்கிரம் கெட்டுவிடுகின்றன, மாற்று வழி கண்டுபிடி. வழி கிடைத்தது, விலைதான் கட்டுபடியாகவில்லை. எனவே செல்கள் வானத்துக்குப் போயின. 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வான்கார்ட் 1 செயற்கைக்கோளின் வானொலி, சூரிய செல்களின் தயவில் 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. விண்வெளிக்குப் போகும் பொருளின் விலையையும் கழிவையும் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

தரைக்கு அதை இறக்கி வந்தவர்களில் முக்கியமானவர் வேதியியலாளர் எலியட் பெர்மன். எக்ஸான் நிறுவனத்தின் ஆதரவோடு 1973இல் சோலார் பவர் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அவர் செய்த முதல் காரியம், கம்ப்யூட்டர் சில்லு தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய சிலிக்கான் வில்லைகளை வாங்கியது. சில்லுக்கு ஆகாத வில்லை சூரிய செல்லுக்குப் போதும். அறுத்த வில்லையை வழவழப்பாக மெருகேற்றும் வேலையையும் கைவிட்டார். சொரசொரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பாமல் பிடிக்க உதவும், இருக்கட்டும் என்றார். அடியில் மின்சுற்று அட்டை, மேலே அக்ரிலிக், நடுவில் சிலிக்கோன் ரப்பர். ஒரு வாட்டுக்கு 100 டாலர் அளவில் இருந்த விலை 20 டாலருக்கு இறங்கியது. மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்க் கிணற்று மேடைகளில் எச்சரிக்கை விளக்கு எரிக்க அந்தப் பேனல்கள் போயின. அதற்கு முன்பு அந்த விளக்குகளைக் கனத்த மின்கலங்கள் எரித்தன. தீர்ந்த மின்கலங்கள் சத்தமில்லாமல் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தன.

பெர்மன் சுற்றுச்சூழலுக்காக இதையெல்லாம் செய்யவில்லை. ஆனாலும் வேறொரு தொழிலின் கழிவை மூலப்பொருளாக்கி, ஒரு வேலைப்படியையும் குறைத்த அந்த முடிவுக்கு நிகராக இந்தத் துறையில் பின்னால் வந்த ‘பசுமை’ வடிவமைப்புகள் பல நிற்காது. 1990களின் இறுதிவரை சூரிய செல் தொழில் சில்லுத் தொழிலின் மிச்சம் மீதியிலேயே வயிறு வளர்த்தது. வார்ப்புத் தண்டின் தலையும் வாலும், மூசையில் ஒட்டிக்கொண்ட அடிப்பிடிப்பும் சூரிய செல்லாக மாறின.

அந்தக் காலத்தில் மேல்மூடி இல்லாமல் வந்த பேனல்களின் மென்மையான சிலிக்கோன் பரப்பில் தூசி அப்பிக்கொண்டது, மழையிலும் போகவில்லை. அடுத்த கட்டத்துக்கு அரசுப் பணம் தேவைப்பட்டது. 1973 அக்டோபரில் நியூஜெர்ஸியின் செர்ரி ஹில்லில் நடந்த கூட்டத்தில் நிபுணர்கள் இலக்குகளை வகுத்தார்கள். அதே மாதம் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. அதுவரை ஆய்வுக் கட்டுரையாக இருந்தது நாட்டின் அவசரமாக மாறியது. 1975இல் பாசடீனாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி திட்டத்தை ஏற்றது. ஒரு வாட்டுக்கு 50 சென்ட், அதாவது அரை டாலர். ஆயுள் 20 ஆண்டு. இவைதான் இலக்கு. 1986 வரை நடந்த அந்தத் திட்டத்தில் ஆய்வகம் பேனல்களைத் தொகுதி தொகுதியாக விலைக்கு வாங்கியது. வாங்கியவற்றை உறைபனிக்குக் கீழிருந்து கொதிநிலைப் பக்கம் வரை மாறி மாறிச் சூடாக்கிக் குளிரவைத்தது, ஈரத்தில் ஊறவைத்தது, ஆலங்கட்டி மழைக்குத் தாங்குமா என்று பார்க்கத் துப்பாக்கி போன்ற கருவியால் பனிக்கட்டி உருண்டைகளைச் சுட்டது. பிளந்ததும் உடைந்ததும் தயாரிப்பாளரிடம் குறிப்போடு திரும்பிப் போயின. மேலே கடினக் கண்ணாடி வந்தது இந்தச் சோதனைகளின் பயன்.

கண்ணாடியோடு செல்லைப் பிணைக்க மலிவான பசை வேண்டியிருந்தது. கனெக்டிகட்டின் ஸ்பிரிங்பார்ன் ஆய்வகம் பல பிளாஸ்டிக்குகளைச் சோதித்து ஈ.வி.ஏ.வைத் தேர்ந்தெடுத்தது. செருப்பின் அடிப்பாகத்துக்குக்கூடப் பயன்படும் பிளாஸ்டிக் அது, விலை குறைவு. கண்ணாடி, ஈ.வி.ஏ. தாள், செல்கள், மறுபடி ஈ.வி.ஏ. தாள், கடைசியில் பின்தாள் என்று அடுக்கி லேமினேட்டர் எந்திரத்தில் வைப்பார்கள். காற்றை உறிஞ்சி எடுத்து, சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். தாள் உருகிக் கண்ணாடிபோல் தெளிவாகும். அதில் கலந்திருக்கும் பெராக்சைடு, பிளாஸ்டிக்கின் இழைகளை ஒன்றோடொன்று குறுக்காகக் கோத்துவிடும். கோத்தது கோத்ததுதான். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் பழையபடி உருகாது. கரைப்பானில் ஊறப்போட்டால் ஊதும், கரையாது.

20 ஆண்டு தாங்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. இருபத்தோராவது ஆண்டில் என்ன செய்வது என்று அந்தத் திட்டத்தில் கேட்டதாகத் தெரியவில்லை என்று சிலர் குறை சொல்வதுண்டு. அந்தக் குறையில் முழு நியாயம் இல்லை. அன்றைக்கு உலகத்தில் பழைய பேனல் என்று ஒன்றே கிடையாது. தண்ணீர் உள்ளே புகுந்து இரண்டே ஆண்டில் செத்துப்போகும் பேனலைவிட மோசமான கழிவு எது? நீடித்து உழைப்பதும் சுற்றுச்சூழல் வடிவமைப்பின் பகுதிதான். இந்தத் துறையில் அதுவே பெரிய பகுதி. செய்யச் செலவான ஆற்றலைத் தொடக்க காலப் பேனல்கள் திருப்பித் தரப் பல ஆண்டுகள் பிடித்தன. வெயில் நன்றாக அடிக்கும் ஊரில் இன்றைய பேனலுக்கு ஏறக்குறைய ஓராண்டு போதும். மீதி ஆண்டுகள் எல்லாம் லாபக் கணக்கு. கரிசோவின் பழுப்புக்குப் பிறகு, ஈ.வி.ஏ.யில் கலக்கும் மருந்துகளில் எவை ஒன்றோடொன்று சேர்ந்து நிறத்தைத் தருகின்றன என்று கண்டுபிடித்து மாற்றினார்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கச் சீரியம் கலந்த கண்ணாடியும் சில காலம் வந்தது. 1990களின் இறுதிக்குள் 25 ஆண்டு உத்தரவாதம் தொழிலின் வழக்கமாகிவிட்டது.

சிலிக்கானின் முன்கதை வேறு மாதிரியானது. சில்லுத் தொழில் ‘சுத்தமான தொழில்’ என்று பெயர் வாங்கியிருந்தது. புகைபோக்கி இல்லாத தொழிற்சாலை, வெள்ளை அங்கி போட்ட தொழிலாளி. 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஒரு சில்லுத் தொழிற்சாலையின் நிலத்தடித் தொட்டியிலிருந்து கரைப்பான் கசிந்து குடிநீர்க் கிணற்றில் கலந்தது தெரியவந்தபோது அந்தப் பெயர் கிழிந்தது. 1982இல் சிலிக்கான் வேலி டாக்ஸிக்ஸ் கொயலிஷன் என்ற அமைப்பு உருவானது இந்தக் கோபத்தில்தான். இதே அமைப்பு 2009 ஜனவரியில் சூரிய செல் தொழிலைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சில்லுத் தொழில் செய்த தவறுகளை இந்தத் தொழிலும் செய்யப்போகிறதா என்பதே அதன் சாரம். பிறகு பேனல் கம்பெனிகளுக்கு மதிப்பெண் பட்டியலும் போடத் தொடங்கியது: கழிவை என்ன செய்கிறாய், பழைய பேனலைத் திருப்பி வாங்குகிறாயா, தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு. எதிரிகள் நடத்திய பட்டியல் இல்லை இது. சூரிய மின்சாரம் வளர வேண்டும் என்று விரும்பியவர்கள் நடத்தியது. அதனாலேயே கம்பெனிகளால் அலட்சியம் செய்ய முடியவில்லை.

அறிக்கை வருவதற்குள் சீனாவில் சேதம் நடந்திருந்தது. 2000இல் ஜெர்மனி சூரிய மின்சாரத்துக்கு நிலையான நல்ல விலை தரும் சட்டத்தைக் கொண்டுவந்து, 2004இல் அதை இன்னும் தாராளமாக்கியது. பேனலுக்குக் கிராக்கி எகிறியது. சில்லுத் தொழிலின் மிச்சத்தை வைத்து இனி ஓட்ட முடியாது. சுத்திகரித்த பாலிசிலிக்கான் விலை 2008இல் கிலோவுக்கு 400 டாலரையும் தாண்டியது. சீனாவில் ஊருக்கு ஊர் ஆலை முளைத்தது.

பாலிசிலிக்கான் செய்யும் முறை 1950களில் சீமென்ஸ் நிறுவனம் வகுத்தது. மணலிலிருந்து எடுத்த கரட்டுச் சிலிக்கானை ஹைட்ரஜன் குளோரைடோடு வினைபுரியச் செய்து டிரைகுளோரோசிலேன் என்ற ஆவியாகும் திரவமாக்குவார்கள். அதை வடித்துச் சுத்தம் செய்து, மணி வடிவக் கலத்துக்குள் சுமார் 1,100 டிகிரியில் பழுக்கக் காய்ந்த மெல்லிய சிலிக்கான் தண்டுகளின் மேல் ஓடவிடுவார்கள். சிலிக்கான் படிந்து படிந்து தண்டு பருக்கும். கூடவே வருவது சிலிக்கான் டெட்ராகுளோரைடு: ஒரு டன் பாலிசிலிக்கானுக்கு மூன்று நான்கு டன். காற்றில் உள்ள ஈரம் பட்டாலே ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை கிளம்பும். அதை மறுபடி டிரைகுளோரோசிலேனாக மாற்றி உள்ளேயே சுழலவிட முடியும், ஜெர்மனியும் ஜப்பானும் அப்படித்தான் செய்துவந்தன. ஆனால் அந்தக் கருவிகளை நிறுவப் பணமும் காலமும் வேண்டும். கிலோ 400 டாலருக்கு விற்கும் காலத்தில் காத்திருக்க யாருக்குப் பொறுமை?

2008 மார்ச்சில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், ஹெனான் மாகாணத்தில் மஞ்சளாற்றுக்கு அருகிலுள்ள காவ்லோங் என்ற ஊரிலிருந்து ஒரு செய்தி வெளியிட்டது. அங்கிருந்த பாலிசிலிக்கான் ஆலையின் லாரிகள் பள்ளிக்கூடத்துக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே வந்து நிற்கும். ஆட்கள் வாளி வாளியாக வெள்ளைத் திரவத்தைத் தரையில் கொட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். கொட்டிய இடத்தில் புல் முளைக்கவில்லை. ஐரோப்பாவின் கூரைகளுக்குப் போன பேனல்களின் சிலிக்கான் இப்படிப்பட்ட ஊர்களிலிருந்தும் வந்தது என்பது வாங்கியவர்களைச் சங்கடப்படுத்தியது.

2011 ஜனவரியில் சீன அரசு, டெட்ராகுளோரைடில் 98.5 சதவீதத்தையாவது மறுபடி பயன்படுத்த வேண்டும் என்று விதி போட்டது. அதற்குள் பாலிசிலிக்கான் விலை சரியத் தொடங்கியிருந்தது. விலை சரிந்ததும் கழிவைக் கொட்டுவதுதான் நஷ்டம் என்று ஆலைகளுக்குப் புரிந்தது. கொட்டும் ஒவ்வொரு டன்னிலும் சிலிக்கானும் குளோரினும் போகின்றன அல்லவா. சுழல விட்டால் மூலப்பொருள் செலவு குறையும், புதிதாகச் செய்ய ஆகும் மின்சாரமும் குறையும். விதியும் விலையும் ஒரே பக்கம் இழுத்தன. இரண்டும் சேராத இடத்தில் விதி மட்டும் எவ்வளவு தூரம் இழுத்திருக்கும் என்பது சந்தேகம்தான். அதே ஆண்டு செப்டம்பரில் ஷெஜியாங் மாகாணத்தின் ஹைனிங்கில் நூற்றுக்கணக்கானோர் ஜின்கோ சோலார் தொழிற்சாலையை முற்றுகையிட்டார்கள். சரியாக மூடிவைக்காத ஃப்ளோரைடு கழிவை மழை அடித்துக்கொண்டு போய் ஆற்றில் சேர்த்திருந்தது. மீன்கள் செத்து மிதந்தன. ஆலை மூடப்பட்டது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, பிறகு திறந்தது.

சத்தமில்லாமல் நடந்த பெரிய மாற்றம் அறுவையில். சிலிக்கான் கட்டியை வில்லைகளாக அறுக்கும்போது, ஆரம்ப காலத்தில் ஏறக்குறைய பாதி தூளாகப் போனது. அவ்வளவு கஷ்டப்பட்டுச் சுத்தம் செய்த பொருளில் பாதி! 1980களில் பல சுற்றுக் கம்பி அறுவை வந்தது. நூற்றுக்கணக்கான சுற்று எஃகுக் கம்பி ஒரே நேரத்தில் ஓடும், அதன்மேல் சிலிக்கான் கார்பைடு பொடியும் கிளைக்கால் திரவமும் கலந்த குழம்பு ஊற்றிக்கொண்டே இருக்கும். அறுத்து முடித்தால் மிஞ்சுவது சிலிக்கான் தூளும் கார்பைடும் கம்பியின் இரும்பும் கலந்த சாம்பல் நிறச் சேறு. அதைப் பிரித்தெடுக்கவே தனித் தொழில் இருந்தது. பிறகு கம்பியிலேயே வைரத்துகள் பதித்தார்கள். கிளைக்கால் போய்த் தண்ணீர் வந்தது, குழம்பு போனது, கம்பி மெலிந்தது, வேகம் கூடியது. 2010களின் இறுதிக்குள் வைரக் கம்பி பழைய முறையைத் துரத்திவிட்டது. வில்லையும் மெலிந்தது: 300 மைக்ரான் இருந்தது 160க்கும் கீழே வந்தது. ஒரு வாட்டுக்கு 2004இல் சுமார் 16 கிராம் சிலிக்கான் ஆனது. இன்று 3 கிராமுக்கும் குறைவு. எந்த விருதும் வாங்காத, எந்த விளம்பரத்திலும் வராத இந்தக் கம்பிதான் சூரியப் பேனலின் சுமையை மற்ற எதையும்விட அதிகமாகக் குறைத்தவற்றில் ஒன்று.

அதற்கும் ஒரு விலை இருந்தது. 2000களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் டாய்ச்சே சோலார் நிறுவனம் பழைய பேனல்களைச் சூளையில் வைத்துப் பிளாஸ்டிக்கை எரித்து, உள்ளே இருந்த செல்களை உடையாமல் மீட்கும் ஆலை நடத்திப் பார்த்தது. மீட்ட செல்லின் மேற்பூச்சுகளை அமிலத்தில் கரைத்து, வில்லையை மறுபடி புதுச் செல்லாக்கலாம். அந்தக் காலத்துத் தடித்த வில்லைகளுக்கு இது சரிப்பட்டது. மெலிந்த வில்லை பசையை எரிக்கும்போதே நொறுங்கிவிடும். சிக்கனத்துக்காக மெலியவைத்தது, முழுதாக மீட்கும் வழியை அடைத்துவிட்டது.

திரும்ப எடுப்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்தவர்கள், சிலிக்கானைப் பயன்படுத்தாதவர்கள். ஓஹையோவின் டொலீடோ நகரம் கண்ணாடிக்குப் பேர்போனது. அங்கே கண்ணாடித் தொழிலில் பணக்காரரான ஹெரால்ட் மெக்மாஸ்டர், கண்ணாடியின் மேலேயே மின்சாரம் தரும் படலத்தைப் பூசிவிடலாம் என்று நம்பினார். அவர் தொடங்கிய கம்பெனி 1999இல் ஃபர்ஸ்ட் சோலார் ஆனது. படலம் காட்மியம் டெலூரைடு. கனம் சில மைக்ரான்கள். காட்மியம் என்றதும் வாங்குபவர் முகம் மாறும். துத்தநாகச் சுரங்கத்தின் உபரியாக வரும் விஷ உலோகம் அது. இதே படலத்தைச் செய்துவந்த பிபி சோலார் 2002இல் அந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வசிலிஸ் ஃப்தெனாகிஸ் குழு, பேனல் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று துண்டுகளை 1,100 டிகிரி வரை சூடாக்கிப் பார்த்தது. கண்ணாடி உருகிக் காட்மியத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தனக்குள் பிடித்துக்கொண்டது. ஆறுதலான முடிவு, ஆனாலும் ஜெர்மானிய வாடிக்கையாளருக்கு அது போதாது.

எனவே 2005இல் ஃபர்ஸ்ட் சோலார், விற்கும் ஒவ்வொரு பேனலுக்கும் திரும்பி வாங்கும் செலவை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் திட்டத்தை அறிவித்தது. ஓஹையோவின் பெரிஸ்பர்க், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் அன் டெர் ஓடர், மலேசியாவின் கூலிம் என்று தொழிற்சாலை இருந்த இடங்களில் மறுசுழற்சி வரிசையும் வந்தது. பேனலைத் துண்டாக்கி, சுத்தியல் ஆலையில் சில மில்லிமீட்டர் அளவுக்கு நொறுக்குவார்கள். பசையின் பிடி விட வேண்டுமே. நொறுங்கியதைச் சுழலும் தொட்டியில் கந்தக அமிலத்திலும் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் அலசினால் படலம் கரையும். கண்ணாடித் துணுக்கும் பிளாஸ்டிக் கிழிசலும் ஒதுங்கும். கரைசலிலிருந்து உலோகத்தைப் படியவைத்துச் சுத்திகரிக்க அனுப்புவார்கள். படலத்தில் 95 சதவீதம் வரையும் கண்ணாடியில் 90 சதவீதமும் மீள்கின்றன என்கிறது நிறுவனம். டெலூரியம் அரிதான தனிமம் என்பதால் மீட்பதில் சொந்த லாபமும் உண்டு. முன்கூட்டியே பணம் ஒதுக்கும் முறையைப் பின்னாளில் கைவிட்டு, தேவைப்படும்போது கட்டணம் வாங்கும் முறைக்கு மாறினார்கள். சந்தேகப்பட்டவர்கள் இல்லாமல் இந்தத் திட்டமே பிறந்திருக்காது. சந்தேகம் தணிந்ததும் அதன் தாராளமும் கொஞ்சம் தணிந்தது.

சிலிக்கான் பேனல் செய்பவர்களைச் சட்டம்தான் அசைத்தது. சட்டம் வரப்போகிறது என்று மோப்பம் பிடித்த ஐரோப்பிய நிறுவனங்கள் 2007இல் பிவி சைக்கிள் என்ற அமைப்பைத் தொடங்கித் தாங்களாகவே பழைய பேனல்களைச் சேகரித்தன. 2012இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னணுக் கழிவுச் சட்டத்தில் சோலார் பேனலும் சேர்ந்தது. விற்பவரே திரும்ப வாங்க வேண்டும், எடையில் இத்தனை சதவீதம் மீட்க வேண்டும். இந்த எடைக் கணக்கில் ஓட்டை இருந்தது. பேனலின் எடையில் முக்கால் பங்குக்குக் கிட்டே கண்ணாடி. அடுத்தது அலுமினியச் சட்டகம். இவை இரண்டையும் எடுத்தாலே சட்டத்தை நிறைவேற்றியாகிவிடும். எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வெள்ளிதான் மதிப்பில் பெரிய பங்கு; உலகம் தோண்டும் வெள்ளியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சூரிய செல்லுக்குப் போகிறது. அந்த வெள்ளியும் சிலிக்கானும் நொறுக்குத் தூளோடு தூளாகத் தொலைந்தன. 2018இல் தென் பிரான்ஸின் ரூசேயில் பேனலுக்கென்றே ஓர் ஆலையை வியோலியா நிறுவனம் திறந்தது. வெள்ளியையும் சிலிக்கானையும் குறிவைத்துப் பிளாஸ்டிக்கை வெப்பத்தால் சிதைக்கும் ரோசி நிறுவனத்தின் ஆலை 2023இல் வந்தது.

இன்னொரு வேடிக்கை: மின்னணுப் பொருள்களில் காரீயத்தைத் தடை செய்யும் அதே ஐரோப்பிய ஒன்றியம், நிரந்தரமாகப் பொருத்தும் சோலார் பேனலுக்கு விலக்கு அளித்திருக்கிறது. செல்களை இணைக்கும் செம்புப் பட்டையின் பற்றாசில் காரீயம் இருக்கிறது. காரீயம் இல்லாத பற்றாசு உண்டு, அதைப் பயன்படுத்தும் பேனல்களும் சந்தையில் உண்டு. கட்டாயம் இல்லாததால் மற்றவர்கள் பழைய பழக்கத்திலேயே இருக்கிறார்கள்.

பசையையே வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். லியோனின் அப்பல்லோன் சோலார் நிறுவனம் 2000களில் செய்த பேனலில் செல்கள் எதிலும் ஒட்டியிருக்காது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மந்த வாயு. ஓரத்தில் மட்டும் ரப்பர் அடைப்பு. உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால் வெளிக்காற்றே கண்ணாடியை அழுத்திச் செம்புப் பட்டையைச் செல்லோடு பதித்து வைத்திருக்கும். பற்றாசும் வேண்டாம், காரீயமும் வேண்டாம். ஓரத்தை அறுத்தால் எல்லாம் தனித்தனியாக வந்துவிடும். யோசனை அழகு. ஆனால் உலகம் முழுக்க லேமினேட்டர் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, பேனல் விலை ஆண்டுக்கு ஆண்டு விழுந்துகொண்டிருந்தது. புது எந்திரம் வாங்க அதிகம் பேர் வரவில்லை. 2024இல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம், மிகக் குறுகிய லேசர் துடிப்புகளால் கண்ணாடியைக் கண்ணாடியோடு பற்றவைத்துப் பிளாஸ்டிக் இல்லாத பேனல் சாத்தியம் என்று காட்டியது. அது இன்னும் ஆய்வகத்து வேலை. சந்தையில் நடந்த மாற்றம் சிறியது: இருபக்கக் கண்ணாடிப் பேனல்களில் ஈ.வி.ஏ.வுக்குப் பதில் பாலியோலிஃபின் என்ற வேறு பசை பரவியிருக்கிறது. அசிட்டிக் அமிலம் விடாது. பிரிப்பது மட்டும் அதே கஷ்டம்.

இந்தக் கதையின் ஒரு கிளை தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் 3.3 கிகாவாட் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. பேனல் செய்யக் கழுவிக் கழுவித் தீராது. தண்ணீர் ஏராளமாக வேண்டும். சென்னையில் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடங்கள் வரிசையில் நின்றதைப் பார்த்த ஊருக்கு இப்படியொரு தொழில் வருவது சும்மா விஷயம் இல்லை. தொழிற்சாலை நிலத்தடி நீரையோ ஏரி நீரையோ தொடுவதில்லை. நகரத்தின் கழிவுநீரை எதிர் சவ்வூடு முறையில் சுத்திகரித்த நீரில் ஓடுகிறது, கழிவுநீரை வெளியே விடுவதில்லை. அந்த வட்டாரத்து சிப்காட் ஆலைகளுக்குக் கோயம்பேட்டுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குழாயில் நீர் போவது 2019 முதல் நடப்பில் இருந்ததால் இது முடிந்தது. பொருளை மட்டும் அல்ல, அதைச் செய்யும் ஊரையும் சேர்த்து வடிவமைக்க வேண்டியிருப்பதற்கு இது நல்ல சான்று.

பழைய பேனல் நம் ஊரில் போகும் இடம் காயலான் கடை. அலுமினியச் சட்டகத்தைக் கழற்றுவார்கள், செம்புக் கம்பியை வெட்டி எடுப்பார்கள். மீதிக் கண்ணாடிக்கும் பசைக்கும் விலை இல்லை. எரிசக்தி, சுற்றுச்சூழல், நீர் ஆய்வு மன்றம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2023 மார்ச்சுக்குள் இந்தியாவில் பொருத்திய பேனல்களிலிருந்து மட்டும் 2030க்குள் சுமார் 3.4 லட்சம் டன் கழிவு சேரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் சோலார் பேனலையும் சேர்த்துக்கொண்டன. தயாரிப்பாளர்கள் கழிவுப் பேனல்களை 2034-35 வரை கணக்கெழுதிச் சேமித்து வைக்க வேண்டும் என்பது விதி. தேசிய சூரிய மின் திட்டம் தொடங்கிய 2010இல் ஏறிய பேனல்களுக்கு அப்போது 25 வயது நிறைந்திருக்கும். புயலிலும் ஏற்றி இறக்குவதிலும் உடைந்தவை அதுவரை காத்திருக்கவில்லை. அவை இப்போதே வந்துகொண்டிருக்கின்றன.